வாங்கேக்கயே பாக்க வேண்டிய குப்பை – கேள்வி பதில்

இந்தமுறை பிளாஸ்டிக் பத்தி வந்த கேள்வியளை மட்டும் எடுத்திருக்கிறன். பண்டிகை முடிஞ்சு வீட்டுக்கு வீடு பொலித்தீன் குவிஞ்சு கிடக்கிற நேரம், அதால கன ஆக்களுக்கு ஒரே யோசனைதான் போல.

கேள்வி: அக்கா, மகன் ஜேர்மனியில. நான் போய் அவரோட நிண்டுட்டு வந்தனான். அங்க தண்ணிப் போத்தல் வாங்கேக்க விலையோட இன்னொரு காசும் சேத்து எடுக்கிறாங்கள், பிறகு வெறும் போத்தலை கடையில இருக்கிற மெசினுக்குள்ள போட அந்தக் காசு திரும்பி வருது. மூடியும் கழராமல் போத்தல் கழுத்திலயே தொங்குது. இது என்ன முறை, எங்கட ஊருக்கு ஏன் வரேல்லை? – உவர்மலை அம்மா ஒராள்

பதில்: அம்மா, அதுக்கு ஜேர்மன்காரர் பிஃபாண்ட் எண்டு சொல்லுவினம், நாங்கள் டிப்பொசிட் எண்டு சொல்லுறதுதான். ஒருதரம் பாவிச்சு விடுற பிளாஸ்டிக் போத்தலுக்கும் ரின்னுக்கும் 2003ல கட்டாயமாக்கினவை, ஒண்டுக்கு 25 யூரோ சதம். போத்தலை உள்ள விட மெசின் அதில இருக்கிற அடையாளத்தைப் படிச்சு நசுக்கி எடுத்துட்டு துண்டு தரும், அதைக் கொண்டு போய் கஷியர்ட்ட குடுத்தால் காசு. அங்க டிப்பொசிட் வைச்ச போத்தல்ல நூறுக்கு 98 அளவில திரும்பி வருது. ஜேர்மன்காரர் எங்களை விட நல்ல மனுசர் எண்டதால வருதெண்டு நினைக்காதேங்கோ, அதில காசு ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். ஆராவது எறிஞ்சாலும் இன்னொராள் பொறுக்குவார். அங்க கன சனம் வெறும் போத்தலை குப்பைத் தொட்டிக்குள்ள போடாமல் பக்கத்தில நிமித்தி வைச்சிட்டுப் போவினம், காசில்லாத ஆக்கள் கையை உள்ள விட்டுக் கிளறாமல் எடுக்கட்டும் எண்டு.

நோர்வேயில இன்னும் ஒரு விசயம் இருக்கு, அது எனக்கு மிச்சம் பிடிச்சது. அங்க போத்தல் சாமான் விக்கிற கம்பெனி சுற்றாடல் வரி கட்ட வேணும், ஆனா எவ்வளவு போத்தல் திரும்பி வருதோ அவ்வளவுக்கு வரி குறையும், 95 வீதத்துக்கு மேல வந்தால் வரியே இல்லை. அப்ப வெறும் போத்தல் எங்க போய்ச் சேருதெண்ட கவலை கம்பெனிக்கும் வந்திடும்தானே. வாங்கிற எங்கட தலையில மட்டும் எல்லாத்தையும் கட்டாத முறை அது.

மூடி விசயம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், 3 லீட்டர் வரைக்குமான குளிர்பான, தண்ணிப் போத்தலுகளுக்கு 2024 ஜூலை 3 தொடங்கி மூடி போத்தலோடயே ஒட்டிக்கொண்டு இருக்க வேணும். கடற்கரையில பொறுக்கிற பிளாஸ்டிக்கில மூடி கனக்க இருந்ததால கொண்டுவந்தது.

எங்கட ஊருக்கு இது புதுசில்லை அம்மா. கண்ணாடிப் போத்தல் சோடா வாங்கப் போனால் கடைக்காரர் "வெறும் போத்தல் கொண்டந்தனீங்களோ" எண்டு கேட்பாரே, இல்லாட்டி போத்தலுக்கு காசு கட்டச் சொல்லுவாரே, அதேதான் இது. பிளாஸ்டிக் போத்தல் வந்த பிறகு கம்பெனிக்கு வெறும் போத்தலை ஏத்திக்கொண்டு போற லொறிச் செலவு மிச்சம், கழுவிற செலவு மிச்சம், அந்தச் செலவெல்லாம் இப்ப குப்பை எடுக்கிற சபையின்ர தலையிலயும் கடல்லயும் விழுந்து கிடக்கு. அங்கால நீலகிரியில 2022ல டாஸ்மாக் மதுப் போத்தலுக்கு 10 ரூபா கூட எடுத்து வெறும் போத்தலுக்கு திருப்பிக் குடுக்கத் தொடங்கினவை, காட்டுக்குள்ள உடைஞ்ச போத்தல் மிதிச்சு மிருகங்கள் காயப்படுதெண்டு நீதிமன்றம் வரைக்கும் போன விசயம் அது. ஆக பணக்கார நாட்டுக்கு மட்டும்தான் சரிவரும் எண்ட கதை பிழை. சட்டம் வரும் வரைக்கும், கண்ணாடிப் போத்தல்ல கிடைக்கிற சாமானை கண்ணாடிப் போத்தல்லயே வாங்குங்கோ, கடைக்காரர் கேள்வி இருந்தால்தான் எடுத்து வைப்பார்.

கேள்வி: கனடாவில இருக்கிற மச்சான் வரும்போதெல்லாம் டச்சுக்குடா கடற்கரையைப் பாத்திட்டு "உங்களுக்கு ஒழுங்கு தெரியாது, அங்க எல்லாம் ரீசைக்கிள்" எண்டு சொல்லுறார். உண்மையிலயே வெளிநாட்டில எல்லாப் பிளாஸ்டிக்கும் திரும்பப் பாவிக்கினமோ? – பாலையூற்று

பதில்: இல்லை தம்பி. ஓஈசீடீ எண்ட பொருளாதார அமைப்பு 2019க்கு எடுத்த கணக்கில உலகம் முழுக்க வந்த பிளாஸ்டிக் கழிவில 9 வீதம்தான் திரும்பப் பாவனைக்கு வந்தது. பாதியளவு நிலத்தில புதைச்சது, 19 வீதம் எரிச்சது, மிச்சம் ஒழுங்கில்லாமல் கொட்டினது. பிளாஸ்டிக் கழிவில பெரிய பங்கு பக்கெட், போத்தல், உறை எண்டு சாமான் சுத்தி வாற பிளாஸ்டிக்தான்.

மச்சான் அங்க தொட்டிக்குள்ள பிரிச்சுப் போடுறது உண்மைதான், அது நல்ல பழக்கம், அதை நான் குறைவாச் சொல்ல மாட்டன். ஆனா தொட்டிக்குள்ள போட்டதும் திரும்பப் பாவிச்சதும் ரெண்டும் ஒண்டில்லை. கன வருசமா பணக்கார நாடுகள் பிரிச்ச பிளாஸ்டிக்கை கட்டுக் கட்டா கப்பல்ல சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவை, கணக்கில அதையும் ரீசைக்கிள் எண்டு எழுதினவை. 2018 தொடக்கத்தில சீனா இனி வேண்டாம் எண்டு கதவைப் பூட்ட, அந்தக் குப்பை மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எண்டு ஓடத் தொடங்கினது. எங்களுக்கும் வந்தது. 2017 தொடங்கி 2019 வரைக்கும் இங்கிலாந்தில இருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு பழைய மெத்தை, கார்ப்பெட் எண்டு சொல்லி வந்த 263 கொள்கலன்களைத் திறந்து பாத்தால் உள்ள ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்ததெண்டு சுங்கம் சொன்னது. ஒரு சுற்றாடல் அமைப்பு வழக்குப் போட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொல்லி, கடைசிக் கொள்கலன் போய்ச் சேரேக்க 2022 பெப்ரவரி. இதை மச்சானுக்கு சண்டைக்குச் சொல்லாதேங்கோ, ஆறுதலா இருக்கேக்க சொல்லுங்கோ. எங்கட கடற்கரை ஊத்தையா இருக்கிறது எங்கட வெக்கம்தான், ஆனா அவையின்ர தொட்டி துப்பரவா இருக்கிறதுக்குப் பின்னால ஆரோ ஒரு ஏழை நாட்டுக்காரன்ர முற்றம் இருந்திருக்கு.

இப்ப ஆபத்தான கழிவை நாட்டுக்கு நாடு அனுப்புறதைக் கட்டுப்படுத்துற பேசல் ஒப்பந்தத்தில திருத்தம் வந்து, 2021 தொடக்கம் கலப்படமான, ஊத்தைப் பிளாஸ்டிக்கை வாங்கிற நாட்டின்ர சம்மதம் இல்லாமல் அனுப்ப ஏலாது. கொஞ்சம் நல்லது.

கேள்வி: அக்கா, சாப்பாட்டு டப்பா, பிளாஸ்டிக் வாளி எல்லாத்துக்கும் அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு இலக்கம் இருக்கு. முக்கோணம் இருந்தால் ரீசைக்கிள் ஆகும் எண்டு பிள்ளை பள்ளிக்கூடத்தில படிச்சுக்கொண்டு வந்தா. அதைப் பாத்து வாங்கினால் சரிதானே? – மடத்தடிச் சந்திக்குக் கிட்ட

பதில்: முக்கோணத்தைப் பாருங்கோ தங்கச்சி, ஆனா அதை நம்பாதேங்கோ. அது 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் கம்பெனியளின்ர சங்கம் கொண்டு வந்த குறி, இது என்ன வகைப் பிளாஸ்டிக் எண்டு மட்டும்தான் அது சொல்லும். திரும்பப் பாவிக்க ஏலுமா, உங்கட ஊரில ஆரும் எடுப்பினமா எண்டு அது சொல்லேல்லை. சனம் குழம்புதெண்டு கலிபோர்னியாவில 2021ல சட்டமே போட்டவை, உண்மையில ரீசைக்கிள் ஆகாத சாமானுக்கு அம்புக்குறி முக்கோணம் போட ஏலாதெண்டு.

இலக்கம் 1 பெட், தண்ணிப் போத்தல், சோடாப் போத்தல். 2 கெட்டிப் பொலித்தீன், சம்பூப் போத்தல், பினாயில் கான் மாதிரி. 5 பொலிப்புரோப்பிலீன், வாளி, மூடி, நல்ல சாப்பாட்டு டப்பா. இந்த மூண்டுக்கும் வாங்கிற ஆக்கள் இருக்கினம், அதிலயும் நிறமில்லாத 1க்கு கேள்வி கூட. தென்கொரியாவில 2020 டிசம்பர் தொடக்கம் தொடர்மாடி வீடுகள்ல நிறமில்லாத பெட் போத்தலை தனியாப் போட வேணும், லேபல் உரிச்சு நசுக்கி, அதை மட்டும் தனியா சேத்தால்தான் திரும்பப் போத்தலோ துணிக்கான நாரோ செய்யிற தரத்தில பிளாஸ்டிக் கிடைக்கும் எண்டு. இலக்கம் 3 பிவிசி, அது ஒரு துண்டு பெட்டுக்குள்ள கலந்தாலே காணும், பெட் உருகிற சூட்டுக்கு முதலே அது சிதைஞ்சு முழுக்கப் பழுதாக்கிவிடும். 4 மெல்லிசுப் பொலித்தீன், சொப்பிங் பேக். 6 ரெஜிபோம், யோகட் கப் சிலது, பாரமில்லாததால லொறிக்குள்ள இடம் மட்டும் பிடிக்கும், காசு தேறாது. 7 எண்டால் மிச்சம் எல்லாம், அதுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது.

கடைகள்ல கொத்து, பிரியாணி கட்டித் தாற கறுப்பு டப்பாவைப் பத்தி தனியாச் சொல்ல வேணும். பெரிய நாடுகள்ல தரம்பிரிக்கிற மெசின் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை அடிச்சு அது பட்டுத் திரும்பிறதைப் பாத்துத்தான் இது இன்ன பிளாஸ்டிக் எண்டு கண்டுபிடிக்கும், கறுப்பில இருக்கிற கரிப்பொடி அந்த ஒளியை விழுங்கிறதால மெசினுக்கு அந்த டப்பா தெரியவே தெரியாது. அடியில 5 எண்டு வடிவா அடிச்சிருந்தாலும் குப்பைதான். வெள்ளை டப்பா இருக்கோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு போங்கோ.

என்ர அளவுகோல் சுகமானது. பழைய இரும்பு போத்தல் எடுக்கிறவர் உங்கட ஒழுங்கைக்குள்ள வரேக்க அவர் காசு குடுத்து எடுக்கிற பிளாஸ்டிக் என்ன, எடுக்காத பிளாஸ்டிக் என்ன எண்டு ஒருக்கா நிண்டு கேளுங்கோ. அவர் எடுக்காத சாமானை வாங்காமல் விடப் பாருங்கோ. முக்கோணத்தை விட அவருக்கு நல்லாத் தெரியும்.

கேள்வி: சாமான் வாங்கின கடையில சொப்பிங் பேக்குக்கு காசு எடுத்தவை, பில்லில அது இல்லை. இது சட்டமா, இல்லாட்டி கடைக்காரர் தன்ர பாட்டில எடுக்கிறாரா? – லிங்கநகர்

பதில்: காசு எடுக்கிறது சட்டம்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி போட்டு 2025 நவம்பர் 1 தொடக்கம் கைபிடி உள்ள பொலித்தீன் பேக்கை சும்மா குடுக்க ஏலாது. ஆனா பேக்கின்ர விலையை கடையில தெரியிற மாதிரிப் போட வேணும், பில்லிலயும் வர வேணும். பில்லில இல்லாட்டி மரியாதையா கேளுங்கோ, சரிவராட்டி அதிகார சபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சு முறைப்பாடு சொல்லுங்கோ.

சின்னக் காசுதானே, என்ன மாறப்போகுதெண்டு நினைக்கிற ஆக்களுக்கு அயர்லாந்தைச் சொல்லுறன். 2002ல பேக்குக்கு 15 சதம் வைச்சவை, ஒராள் வருசத்துக்கு 328 பேக் பாவிச்ச நாட்டில அது 21க்கு இறங்கினது. கென்யாவில 2017ல முழுக்கத் தடை, செய்தாலோ வித்தாலோ 4 வருசம் வரைக்கும் மறியல் போகலாம், அவ்வளவு கடுமை எங்களுக்குத் தேவையெண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ளயும் கடற்கரைப் பக்கமும் திரியிற புள்ளிமான் சாப்பாட்டு வாசத்துக்கு பொலித்தீனையும் சேத்துச் சப்பிறதை நாங்கள் எல்லாரும் கண்ணால பாக்கிறம், அம்பாறை பள்ளக்காட்டில குப்பைமேட்டுப் பிளாஸ்டிக் தின்டு எட்டு வருசத்துக்குள்ள 20 யானையளவில செத்தது. ஒரு ரெண்டு ரூபா, மூண்டு ரூபாவைப் பத்தின சண்டையில இதை மறந்திடக் கூடாது.

வீட்டில துணிப்பை இருந்தும் கன ஆக்கள் பேக் வாங்கிறது மீனுக்குத்தான், பைக்குள்ள தண்ணி ஒழுகும் எண்டு. மூடி உள்ள சின்ன வாளி ஒண்டை மோட்டச்சைக்கிள்ல கொழுவி விடுங்கோ, இல்லாட்டி பழைய ஆக்கள் கொண்டு போன மாதிரி பனையோலை உமல்.

கேள்வி: உக்கிற லஞ்ச் சீட் எண்டு விக்கினம், விலையும் கூட. வாங்கலாமோ? – கடை வைச்சிருக்கிற ஒராள், சாம்பல்தீவு

பதில்: அண்ணை, 2017 ஏப்ரல்ல கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு முப்பதுக்கு மேல சனம் செத்த பிறகு, அந்த வருசம் செப்டம்பர் 1 தொடக்கம் பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை. அதால உக்கிற சீட் விக்கிறது பிழையில்லை. ஆனா உக்கும் எண்டால் எங்க உக்கும் எண்டு கேக்க வேணும். கன வகை சீட்டுக்கு 60 பாகைக்குக் கிட்ட சூடான பெரிய பசளைக் குவியல் தேவை, அந்தக் குவியல் இல்லாமல் வாய்க்காலுக்குள்ள, கடலுக்குள்ள போனால் அது கன காலம் பொலித்தீன் மாதிரித்தான் கிடக்கும். இன்னொரு வகை இருக்கு, வெயிலுக்கு சும்மா நொறுங்கித் துண்டு துண்டாப் போகும், உக்காது, ஐரோப்பாவில அதை 2021ல தடை செய்தவை. பக்கெட்டில என்ன தரச்சான்று எண்டு எழுதேல்லை எண்டால் அந்தக் கூடின விலையைக் குடுக்காதேங்கோ. வாழையிலை வெட்டி சூட்டில வாட்டி பழைய பேப்பர் சுத்துறது தெரியாத வேலையில்லை. பெட்டி கொண்டு வாற ஆளுக்கு பத்து ரூபா குறைச்சுக் குடுத்துப் பாருங்கோ, நாலு பேர் பழகிட்டால் சீட்டுக்குப் போற காசே உங்களுக்கு மிஞ்சும்.

கேள்வி: பால்மா பக்கெட், பிஸ்கட் கவர், டொபி பேப்பர் எல்லாம் ஆரும் எடுக்கினமில்லை, நாங்கள் வளவுக்குள்ள குழி வெட்டி எரிக்கிறம். பிரச்சினையோ? – செல்வநாயகபுரம்

பதில்: எரியாதேங்கோ. பிளாஸ்டிக் சேத்து வெளியில எரிக்கிறதுக்கு 2017 வர்த்தமானியிலயே தடை இருக்கு, அதை விடுங்கோ, அந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறது உங்கட பிள்ளைதான், பிவிசி கலந்திருந்தால் டயொக்சின் எண்ட நஞ்சும் வரும். யப்பான்காரரும் கனக்க எரிக்கினம், ஆனா அது 800 பாகைக்கு மேல சூடேத்தி புகையை வடிகட்டி மின்சாரமும் எடுக்கிற ஆலை, எங்கட வளவுக் குழியில அது நடக்காது.

பால்மா பக்கெட் ஏன் ஆரும் எடுக்கினமில்லை எண்டால், அது ஒரு பிளாஸ்டிக் இல்லை. பிளாஸ்டிக், அலுமினியம், பிறகும் பிளாஸ்டிக் எண்டு படை படையா ஒட்டினது, காத்தும் ஈரமும் உள்ள போகாமல் காக்கிறதுக்காக. அதைத் திரும்பப் பிரிக்க மலிவான வழி இல்லை. அதால இதில உங்கட கையில இருக்கிறது வாங்கிற நேரம்தான், சின்னச் சின்னப் பக்கெட்டா வாங்காமல் வசதிப்பட்ட மாசத்தில பெரிசா ஒண்டு வாங்கினால் கவர் குறையும். 20 மில்லிலீட்டர், 20 கிராம், அதுக்குக் குறைஞ்ச சஷே பக்கெட்டுகள் சாப்பாடும் மருந்தும் தவிர 2021ல தடை செய்தது, பிறகும் தொங்கவிட்டு விக்கிற கடை இருக்கு, வாங்காதேங்கோ. அண்டண்டாடு உழைச்சு அண்டண்டைக்கு வாங்கிற வீட்டுக்கு இந்தப் புத்தி சொல்ல எனக்கு மனமில்லை, அங்க கம்பெனிதான் மாற வேணும், கடைக்காரர் பெரிய கானில இருந்து போத்தலுக்கு ஊத்தி விக்கலாம், தேங்காயெண்ணை இப்பவும் அப்பிடி விக்கினம்தானே. வெறும் கவருகளை கழுவி உலர்த்தி ஒரு பையில சேத்து சபை லொறிக்குக் குடுங்கோ, ஈரக் குப்பையோட கலக்காதேங்கோ.

கேள்வி: நிலாவெளியில சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறன். வெள்ளைக்காரர் வந்து எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்குள்ள எண்டு கேக்கினம், என்னட்டை ஒரு தொட்டிதான். என்ன செய்யலாம்?

பதில்: முதல்ல தொட்டி வாங்காதேங்கோ, தண்ணி வடிகட்டி ஒண்டு பூட்டுங்கோ. உங்கட குப்பையில முக்கால்வாசி தண்ணிப் போத்தலாத்தான் இருக்கும். பெரிய 19 லீட்டர் போத்தல் எடுத்து வைச்சாலும் காணும், கம்பெனி வெறும் போத்தலை திருப்பி எடுக்கும். "இங்க போத்தல் நிரப்பலாம்" எண்டு எழுதி வைச்சால் அவைக்கு அது பெரிய சந்தோசம், புறாத்தீவுக்குப் போகேக்கயும் தங்கட போத்தலைத்தான் கொண்டு போவினம், பவளப்பாறைக்கு மேல மிதக்கிற போத்தல் ஒண்டெண்டாலும் குறையும்.

பிறகு மூண்டு தொட்டி, சமையல் கழிவுக்குப் பச்சை, பேப்பருக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு செம்மஞ்சள், இந்த நிறம்தான் இலங்கையில வைச்ச ஒழுங்கு. சுவிஸ்ல இருந்து வாற ஆளுக்கு விளக்கவே தேவையில்லை, அங்க குப்பைப் பைக்கே வரி, எவ்வளவு கூடப் போடுறாரோ அவ்வளவு செலவு, பெட் போத்தலை டிப்பொசிட் இல்லாமலே கடையில கொண்டு போய்ப் போடுற சனம். யப்பான்காரர் மூடியும் லேபலும் கழட்டி அலசித் தருவினம், அங்க கமிகட்சு எண்ட மலைக் கிராமத்தில 40 வகைக்கு மேல பிரிக்கினம். நீங்கள் அவ்வளவுக்குப் போக வேண்டாம். போத்தலைக் கழுவி நசுக்கி மூடியைப் போட்டு சேத்து வையுங்கோ, மூடி ஆலையில அரைச்சுத் தண்ணிக்குள்ள விடேக்க தன்பாட்டில மிதந்து பிரியும், பெட் தாழும். எச்சில் பால், கறி ஒட்டினதுதான் பழுதாக்கும். பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபர் தொடக்கம் தடை, இடியப்பத்துக்கு பிரம்புத் தட்டு இருக்கெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: கோயில் திருவிழாவுக்கு தண்ணீர்ப்பந்தல் போடப்போறம். பிளாஸ்டிக் கப் தடையெண்டால் பேப்பர் கப் வாங்கலாமோ? – இளைஞர் கொஞ்சப்பேர்

பதில்: பேப்பர் கப்புக்கு உள்ளுக்கு மெல்லிசு பொலித்தீன் பூசியிருக்கும் தம்பியவை, இல்லாட்டி மோர் ஒழுகிடும், அதால அதையும் ஆரும் எடுக்கினமில்லை. எவர்சில்வர் தம்ளர் வாடகைக்கு எடுங்கோ, கலியாண வீட்டுக்குச் சாமான் குடுக்கிற கடைகள்ல இருக்கும். ரெண்டு பெரிய அண்டாவில தண்ணி, ஒண்டு கழுவ ஒண்டு அலச, கழுவிற வேலைக்கு மட்டும் நாலு பேரைத் தனியா விடுங்கோ, வெயில் நேரம் எண்டதால மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆள் மாத்துங்கோ. கப் வாங்க ஒதுக்கின காசில எலுமிச்சம்பழம் கூட வாங்கலாம்.